பல்லாவரத்தில் 1910-லேயே பறந்த விமானம்: மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் டி ஏஞ்சலிஸ் இதைச் சாதித்தது எப்படி?

பல்லாவரத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன விஷயம். மீனம்பாக்கம் ஓடுதளம் பக்கத்திலேயே இருப்பதால் நாள் முழுக்க தலைக்கு மேலே ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் மீனம்பாக்கத்தில் விமான நிலையம் வருவதற்குப் பல வருஷம் முன்னாடியே, டாடாவின் தபால் விமானம் 1932-ல் மெட்ராஸுக்கு வந்து இறங்குவதற்கும் 22 வருஷம் முன்னாடியே, இதே பல்லாவரத்தில் ஒரு விமானம் தரையை விட்டு எழும்பியிருக்கிறது.

அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த விமானம் கிடையாது. மெட்ராஸிலேயே, மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு வண்டிப் பட்டறையில் செய்தது. அதை வடிவமைத்தவர் இன்ஜினியரும் இல்லை, ராணுவ அதிகாரியும் இல்லை. கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்று முன்னுக்கு வந்த ஒரு ஹோட்டல் முதலாளி. பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ்.

இப்போது கிட் விமானம் வாங்கி வீட்டிலேயே பூட்டிப் பறக்கும் ஆட்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. இன்றைக்கும் அவர்களுக்குத் தலைவலியாக இருக்கும் விஷயங்கள் என்னென்ன? எந்த மரம், எந்த உலோகம், எங்கே வைத்துக் கட்டுவது, எந்த இன்ஜின், எங்கே ஓட்டிப் பார்ப்பது, செலவுக்கு என்ன வழி. இந்த அத்தனை கேள்விக்கும் 1910-ல், வழிகாட்ட ஒரு ஆள்கூட இல்லாமல், பதில் தேட வேண்டியிருந்தவர் டி ஏஞ்சலிஸ்.

யார் இந்த டி ஏஞ்சலிஸ்?

பிரான்சுக்குச் சொந்தமான கோர்சிகா தீவைச் சேர்ந்தவர் என்றுதான் சென்னை வரலாற்றை எழுதியவர்கள் இவரைக் குறிப்பிடுகிறார்கள். நெப்போலியன் பிறந்த அதே தீவு. பெயரைக் கேட்டால் இத்தாலியர் போலத் தெரியும். கோர்சிகாவில் அப்படிப்பட்ட பெயர்கள் சகஜம்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸுக்கு வந்த அவர், மவுண்ட் ரோட்டில் பிரெஞ்சு பாணி இனிப்புப் பலகாரக் கடை போட்டார். வெள்ளைக்கார அதிகாரிகள், வியாபாரிகள், பணக்கார உள்ளூர்க்காரர்கள் என்று வாடிக்கையாளர்கள் பெருகினார்கள். 1900 முதல் 1906 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஆம்ப்தில் பிரபுவின் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அளவுக்குப் பெயர் வாங்கினார். அதே மவுண்ட் ரோட்டில் ஹோட்டலும் வந்தது. ஹோட்டல் டி ஏஞ்சலிஸ்.

அந்த ஹோட்டலில் மின்சார லிஃப்ட் இருந்தது. ஐஸ் செய்யும் வசதி இருந்தது. மெட்ராஸ் வீடுகளில் மின்விளக்கே அதிசயமாக இருந்த காலம் அது. விருந்தாளிகளை மாடிக்கு லிஃப்டில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று நினைத்த மனுஷனுக்கு மெஷின்கள் மேல் ஒரு கிறுக்கு இருந்திருக்கிறது என்பது புரிகிறது. ஹோட்டல் தொழிலில் நல்ல வருமானம் வந்ததால்தான் அடுத்த கிறுக்குக்குப் பணம் போட முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விமான ஆசை எப்போது வந்தது?

1909 ஜூலை 25. பிரான்சைச் சேர்ந்த லூயி பிளெரியோ, 25 குதிரைத்திறன் இன்ஜின் வைத்த சின்ன விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார். பறந்த நேரம் சுமார் 37 நிமிடம்தான். ஆனால் அந்தச் செய்தி தந்தி வழியாக உலகம் பூராவும் போனது. பிளெரியோ தன் சொந்தக் காசைப் போட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக விமானம் கட்டி, பல தடவை விழுந்து எழுந்தவர். கார் விளக்கு விற்றுச் சம்பாதித்த பணத்தை எல்லாம் அதில் போட்டவர்.

கடை வைத்துச் சம்பாதித்த இன்னொரு மனிதருக்கு, மெட்ராஸில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது என்ன தோன்றியிருக்கும்? டி ஏஞ்சலிஸ் விமானம் கட்ட இறங்கியதற்குப் பிளெரியோதான் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. கால்வாயைத் தாண்டிய அந்த நாளுக்கும் பல்லாவரத்தில் பறந்த நாளுக்கும் நடுவில் எட்டு மாசம்கூட இல்லை.

இந்த எட்டு மாசம் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு ஒப்பீடு. இன்றைக்குக் கிட் விமானம் வாங்கினால் ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, எண் போட்ட பாகங்கள், கட்டுக்கட்டாக வழிமுறைப் புத்தகம் எல்லாம் பெட்டியில் வரும். அப்படி இருந்தும், வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் வார இறுதியிலும் பூட்டுகிறவர்களுக்கு ஒன்றரை வருஷத்திலிருந்து ஐந்தாறு வருஷம் வரை ஆகிவிடுகிறது. டி ஏஞ்சலிஸுக்குப் பெட்டியும் கிடையாது, புத்தகமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று சாண்டோஸ் டூமோன் தன் டெமாய்செல் விமானத்தின் வரைபடத்தைக் கொடுத்து, அது அமெரிக்கப் பத்திரிகையில் அச்சானது 1910 ஜூனில். அதற்குள் மெட்ராஸ் விமானம் பறந்து முடித்துவிட்டது.

சிம்சன் பட்டறை ஏன்?

சென்னைக்காரர்களுக்கு சிம்சன் என்றால் முதலில் ஞாபகம் வருவது அண்ணா சாலையில் உள்ள பஸ் ஸ்டாப். அந்தப் பெயருக்குக் காரணமான சிம்சன் நிறுவனம் 1840-ல் தொடங்கியது. டிராக்டர் இன்ஜின் எல்லாம் பிற்பாடு வந்தவை. அன்றைக்கு அவர்கள் குதிரை வண்டி, சாரட், ரயில் பெட்டி கட்டுகிறவர்கள். 1903-ல் இதே சிம்சனைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவி காரைக் கட்டி மெட்ராஸ் தெருவில் ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவி கார் அதுதான் என்பார்கள்.

டி ஏஞ்சலிஸ் தன்னுடைய டிசைனை எடுத்துக்கொண்டு போனது இந்தப் பட்டறைக்குத்தான். இதைவிடச் சரியான இடம் அன்றைக்கு மெட்ராஸில் இருந்திருக்க முடியாது.

காரணம் சுலபம். நல்ல சாரட் வண்டிக்கு என்ன வேண்டும்? எடை குறைவாக இருக்கணும், ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கினாலும் உடையக்கூடாது. அதற்காக மரத்தை ஆவியில் வைத்து வளைப்பது, மெல்லிய சட்டங்களை நுணுக்கமாகப் பூட்டுவது, இரும்புப் பட்டை போடுவது, கூண்டுக்குத் துணியையும் தோலையும் இழுத்துத் தைப்பது, வார்னிஷ் அடிப்பது என எல்லா வேலைக்கும் தனித்தனி கைகாரர்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள். 1910-ல் ஒரு விமானம் என்பது இதே பொருள்களால் ஆனதுதான். மரச் சட்டம், துணி, இழுத்துக் கட்டும் கம்பி, சைக்கிள் சக்கரம், ஒரு இன்ஜின். அவ்வளவுதான்.

பறக்கும் எந்திரத்தை வரைந்தது ஒரு கோர்சிகாக்காரர் என்றால், அதைக் கையால் இழைத்துப் பூட்டியது மெட்ராஸ் ஆசாரிகளும் கொல்லர்களும் தையல்காரர்களும். அவர்கள் பெயர் எதுவும் இந்தக் கதையில் சொல்லப்படுவதில்லை. சிம்சன் கட்டியது என்ற ஒற்றை வரிக்குள் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள்.

மரம், துணி, பசை: கடற்கரை ஊரில் வரும் சிக்கல்

விமானம் கட்டுகிறவர்கள் முதலில் கணக்குப் பார்ப்பது எடை. ஐரோப்பாவில் அன்று இறக்கைச் சட்டத்துக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை விரும்பினார்கள். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் சுமார் 400 முதல் 450 கிலோ. நம்ம ஊர் தேக்கு சுமார் 650 கிலோ. தேக்கு உறுதியானது, கரையான் அரிக்காது, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. கதவுக்கும் கப்பலுக்கும் அதுதான் நல்லது. இறக்கையில் போட்டால், சின்ன இன்ஜின் அதைத் தூக்கப் படாத பாடு படும். மூங்கில் ஒரு நல்ல மாற்று. டெமாய்செல் விமானத்தின் உடம்பே மூங்கில்தான்.

அடுத்தது பசை. அந்தக் காலத்து மர வேலைக்கு எல்லாரும் பயன்படுத்தியது மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம். காய்ந்தால் கல் மாதிரி பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் இளகும். மெட்ராஸ் மாதிரி வருஷத்தில் பாதி நாள் வேர்த்துக்கொட்டும் கடற்கரை ஊரில், பசையை மட்டும் நம்பி ஒரு இணைப்பை விட்டால் அது எப்போது விடும் என்று சொல்ல முடியாது. அதனால் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் போல்ட்டோ, பட்டையோ, நூல் கட்டோ கூடவே வேண்டும்.

துணியிலும் இதே கதை. இறக்கை மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி காலையில் பனி ஈரத்தில் ஒரு மாதிரி இருக்கும், வெயில் ஏறியதும் வேறு மாதிரி ஆகும். துணி தொங்கினால் இறக்கையின் வளைவு மாறும். வளைவு மாறினால் தூக்கும் சக்தி குறையும். துணியை விறைப்பாக்கும் ரசாயனப் பூச்சு அப்போதுதான் ஐரோப்பாவிலேயே புழக்கத்துக்கு வர ஆரம்பித்திருந்தது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் பிரச்சனை தனி. ஒவ்வொரு தடவையும் பறப்பதற்கு முன்னால் கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்து, தளர்ந்ததை முறுக்கி இறுக்குவது அந்தக் காலத்து விமானிகளின் தினசரி வேலை.

இன்றைக்கு அலுமினியமும் எபாக்ஸியும் வந்த பிறகும் இந்த ஊர்க் காற்று யாரையும் விடுவதில்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஜன்னல் கொக்கி, ஏசி பெட்டி, கேட் கீல் எல்லாம் எத்தனை வருஷத்தில் அரித்துப் போகிறது என்று சொல்வார்கள். கராஜில் நாலு வருஷம் பாதி முடிந்த விமானத்தை வைத்திருக்கிறவர் ஒவ்வொரு தகடுக்கும் துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் ரிவெட் அடிக்கணும்.

இன்ஜினும் மெட்ராஸ் வெயிலும்

டி ஏஞ்சலிஸ் விமானத்தில் இருந்தது சின்ன குதிரைத்திறன் இன்ஜின். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஐரோப்பாவில் ஓடும் இன்ஜின் அப்படியே மெட்ராஸில் ஓடாது. சூடான காற்று லேசானது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை கடல் மட்டத்தில் சுமார் 1.22 கிலோ. 35 டிகிரியில் அது சுமார் 1.15 கிலோவாகக் குறைகிறது. அதாவது 6 சதவீதத்துக்கும் மேல் நஷ்டம்.

இந்த நஷ்டம் மூன்று இடத்தில் அடிக்கும். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கு சக்தி குறையும். இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்று குறைவதால் பவர் குறையும். புரொபெல்லர் தள்ளும் காற்றும் குறையும். 180 குதிரைத்திறன் இருக்கிற விமானத்துக்கு இது சமாளிக்கக்கூடிய விஷயம். தரையை விட்டு எழும்புவதற்கே முழு பலத்தையும் செலவழிக்கிற 1910-ம் வருஷத்து இன்ஜினுக்கு, பறப்பதா இல்லை ஓடிக்கொண்டே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கும் வித்தியாசம் இது. போதாக்குறைக்கு, காற்றால் குளிரும் அந்தக் கால இன்ஜின்கள் கொஞ்ச நேரம் ஓடினாலே சூடேறி மூச்சு வாங்கும்.

இன்றைய கிட் விமானங்களில் பரவலாகப் போடும் ரோட்டாக்ஸ் இன்ஜின், சுமார் 60 கிலோ எடையில் 100 குதிரைத்திறன் தருகிறது. டி ஏஞ்சலிஸ் காலத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மாமல்லபுரம் கடற்கரை இருக்க, பல்லாவரம் ஏன்?

ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் கடற்கரை மணலுக்குப் போனார்கள். விழுந்தாலும் அடி கம்மி, கடல் காற்று தாராளம் என்பதுதான் காரணம். அந்தக் கணக்குப்படி மெட்ராஸ் பக்கம் மாமல்லபுரம் கடற்கரைதானே தோதான இடம்? காற்றைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். தமிழக அரசின் சர்வதேச பட்டம் விடும் திருவிழா 2022-ல் மாமல்லபுரத்தில்தான் நடந்தது.

ஆனால் 1910-ல் ஈசிஆர் கிடையாது. மெட்ராஸிலிருந்து மாமல்லபுரம் போக இரண்டு வழிதான். பக்கிங்காம் கால்வாயில் படகில் போகலாம். இல்லைன்னா செங்கல்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வண்டி கட்டிப் போகணும். மெல்லிய சட்டமும் துணியுமாக இருக்கும் இறக்கையை அப்படி ஏற்றிப் போய், உடைந்தால் திரும்ப சிம்சன் பட்டறைக்கே கொண்டு வரணும். ஒவ்வொரு ரிப்பேருக்கும் நாள் கணக்கில் போய்விடும். அது போக, சைக்கிள் சக்கரம் போட்ட விமானம் காய்ந்த மணலில் உருளாது, புதையும். ரைட் சகோதரர்கள் இதற்காகவே சக்கரத்தை விட்டுவிட்டு, மரத் தண்டவாளம் போட்டு அதன் மேல் விமானத்தை ஓடவிட்டார்கள்.

பல்லாவரம் அப்படி இல்லை. மவுண்ட் ரோட்டில் நேரே தெற்கே போனால் பரங்கிமலை. அதைத் தாண்டினால் பல்லாவரம். ஹோட்டல், பட்டறை, சோதனை மைதானம் மூன்றுமே கிட்டத்தட்ட ஒரே சாலையில். ரயில் நிலையமும் உண்டு. பல்லாவரம் ராணுவ முகாம் இருந்த ஊர் என்பதால் சமதளமான திறந்தவெளிக்கும் பஞ்சமில்லை. இந்தியக் கற்கால ஆராய்ச்சிக்கே தொடக்கமான கல் கோடரியை 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்தது இதே ஊரின் ராணுவ மைதானத்துச் சரளைக் குழியில்தான். கெட்டியான செம்மண் சரளைத் தரை. சக்கரம் உருள அதுதான் வேணும்.

கடலிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே இருப்பதிலும் ஒரு வசதி. மார்ச் மாதத்தில் கடல் காற்று பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான் கரையேறி உள்ளே வரும். அதற்கு முன், விடியற்காலையில் காற்று அடங்கிக் கிடக்கும். அந்தக் கால விமானிகள் எந்த நாட்டிலும் விடிகாலையையோ சாயங்காலத்தையோதான் தேர்ந்தெடுத்தார்கள். காலையில் காற்று குளிர்ந்தும் இருக்கும் என்பதால், மேலே சொன்ன 6 சதவீத நஷ்டத்திலும் கொஞ்சம் மிச்சம்.

பறந்தது எப்படி?

1910 மார்ச்சில் பல்லாவரத்தில் டி ஏஞ்சலிஸ் தன் விமானத்தைச் சோதித்துப் பறந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத விமானி அவர். அன்றைக்கு இந்தியாவில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்று யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. கட்டியவரே கற்றுக்கொள்ளணும், அதுவும் தான் கட்டிய, இதுவரை பறக்காத எந்திரத்திலேயே.

அந்தக் காலத்தில் எல்லாரும் கடைப்பிடித்த முறை, இன்றைக்கும் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குச் சொல்லப்படும் முறைதான். முதலில் தரையில் மெதுவாக ஓட்டு. அப்புறம் வேகமாக ஓட்டு. பின்பக்கம் தூக்குகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார். பிறகு நேர்கோட்டில் சின்னச் சின்னத் தாவல். திரும்புவதைப் பற்றிக் கடைசியில் யோசி. முதல் பறத்தல் என்றதும் இன்றைய விமானப் பயணத்தை நினைத்துவிடக்கூடாது. ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. ஒரு ஜெட் விமானத்தின் நீளம்கூட அதைவிட அதிகம்.

இதில் உயிரை வாங்கக்கூடியது எடை மையம். விமானத்தின் மொத்த எடையும் இறக்கையில் சரியான இடத்தில் குவிய வேண்டும். பின்பக்கம் கனம் கூடினால் மூக்கு மேலே தூக்கி, வேகம் போய், அப்படியே விழும். இன்றைக்குக் கட்டுகிறவர்கள் மூன்று சக்கரத்துக்குக் கீழேயும் தராசு வைத்து, காலியாக, எரிபொருளுடன், ஆளுடன் என்று தனித்தனியாக எடை போட்டுக் கணக்கெழுதுகிறார்கள். விமானத்துக்கு அனுமதி கேட்டால் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று. டி ஏஞ்சலிஸ் இந்தச் சோதனையில் உயிரோடு தப்பினார் என்பதே, அந்த விமானம் ஓரளவு சரியாகக் கட்டப்பட்டது என்பதற்குச் சாட்சி. அதே காலத்தில் ஐரோப்பாவில் அனுபவசாலிகள் பலர் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள்.

தீவுத்திடலில் டிக்கெட்

பல்லாவரம் சோதனை முடிந்ததும் விமானம் ஊருக்குள் வந்தது. தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார் டி ஏஞ்சலிஸ். பொருட்காட்சி நடக்கும் அதே தீவுத்திடல்தான்.

இதைப் பணத்தாசை என்று சொல்லிவிட முடியாது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் நிரந்தரப் பிரச்சனை செலவுதான். கட்டும் செலவு ஒரு பங்கு என்றால், பறக்க வைத்து, நிறுத்தி வைத்து, பழுது பார்க்கும் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். லண்டனில் வசிக்கும் கேரள இன்ஜினியர் ஒருவர், கொரோனா ஊரடங்கு நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டிஎஸ்ஐ கிட் விமானத்தை வாங்கிச் சுமார் ஒன்றரை வருஷத்தில் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றியது பெரிய செய்தியானது. அதற்குச் சுமார் 1.8 கோடி ரூபாய் ஆனதாக அப்போது சொன்னார்கள். டி ஏஞ்சலிஸ் வியாபாரி. கூட்டத்துக்கு விருந்து வைக்கத் தெரிந்தவருக்குக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டவும் தெரிந்திருக்கிறது.

இதுதான் இந்தியாவின் முதல் விமானமா?

பாடப் புத்தகங்களிலும் பொது அறிவுக் கேள்விகளிலும் வருவது அலகாபாத். 1910 டிசம்பரில் அங்கே நடந்த கண்காட்சிக்காக இங்கிலாந்திலிருந்து ஹம்பர் நிறுவன விமானங்கள் கப்பலில் வந்தன. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் அது. அரசாங்க முத்திரையோடு நடந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பல்லாவரம் பறத்தல் அதற்கு மாதக் கணக்கில் முந்தியது. ஜப்பானின் முதல் பறத்தலும் 1910 டிசம்பரில்தான். அதனால்தான் இந்தியாவில் மட்டுமில்லை, ஆசியாவிலேயே முதல் பறத்தல்களில் ஒன்று என்று சென்னை வரலாற்று ஆர்வலர்கள் பல்லாவரத்துக்காக வாதாடுகிறார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அலகாபாத்துக்கு வந்தது இறக்குமதி. மெட்ராஸில் பறந்தது இங்கேயே கட்டியது.

பம்பாயில் 1895-லேயே சிவ்கர் பாபுஜி தல்படே விமானம் பறக்கவிட்டார் என்று சமூக வலைத்தளங்களில் சுற்றும் கதையையும் சொல்லிவிடலாம். அதற்கு அந்தக் காலத்து நம்பகமான ஆதாரம் இல்லை. அந்தக் கதையோடு சேர்த்துப் பேசப்படும் வைமானிக சாஸ்திர விமானங்களை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 1974-ல் ஆராய்ந்து, அவை பறக்க முடியாதவை என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்த வருஷமே வந்த சட்டம்

டி ஏஞ்சலிஸ் பறந்தபோது யாரிடமும் லைசென்ஸ் வாங்கவில்லை. வாங்குவதற்குச் சட்டமே இல்லை. 1911-ல் பிரிட்டிஷ் அரசு இந்திய வான்கப்பல் சட்டத்தைக் கொண்டு வந்தது. பறக்கும் எந்திரத்தைச் செய்வது, வைத்திருப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசின் கைக்குப் போனது. ஹோட்டல் முதலாளி ஒருவர் தோன்றியபோது விமானம் கட்டிப் பறக்கலாம் என்ற காலம் அத்தோடு முடிந்தது. 1934-ல் விமானச் சட்டம், 1937-ல் விமான விதிகள் என்று வளர்ந்து, இப்போது 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடைமுறையில் இருக்கிறது.

டி ஏஞ்சலிஸின் ஹோட்டல் பிற்பாடு கைமாறி பொசாட்டோஸ் என்ற பெயரில் நடந்தது. அதை நடத்தியவர்களும் பலகாரத் தொழிலில் பேர் வாங்கியவர்கள்தான்.

இன்று செங்கல்பட்டில் ஒருவர் வீட்டில் விமானம் கட்டினால்?

கட்டலாம். ஆனால் ஆணி அடிப்பதற்கு முன்பே டிஜிசிஏ எனும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் போய்விடுவது நல்லது. என்ன வடிவம், எந்த இன்ஜின், யார் மேற்பார்வை என்ற கேள்விகளுக்கு ஆரம்பத்திலிருந்தே பதிவு வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ, அளவு, பாகத்தின் பில் என எல்லாவற்றையும் சேர்த்து வைக்கணும். மூடிய இறக்கைக்குள் இருக்கும் ரிவெட்டைப் பிற்பாடு யாருக்கும் காட்ட முடியாது இல்லையா? அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தானே செய்ததாக நிரூபித்தால்தான் அமெச்சூர் விமானமாக ஒத்துக்கொள்வார்கள்.

காகித வேலை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு மும்பை கேப்டன் அமோல் யாதவ் நல்ல உதாரணம். காந்திவலியில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பதிவு கிடைத்தது 2017-ல். பறந்து சோதிக்க அனுமதி 2019-ல். அந்த விமானத்தை மாடியிலிருந்து பாகம் பாகமாகப் பிரித்து கிரேனில்தான் இறக்க வேண்டியிருந்தது. வீட்டில் கட்ட நினைப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது கராஜ் கதவை.

அனுமதி கிடைத்தாலும் எங்கே பறப்பது என்ற கேள்வி நிற்கிறது. வடக்கே மீனம்பாக்கம் சர்வதேச விமான நிலையம். அதை ஒட்டித் தாம்பரம் விமானப்படைத் தளம். தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டினால் கல்பாக்கம் அணுமின் நிலையம், அதன் மேலே பறக்கத் தடை. டி ஏஞ்சலிஸ் பறந்த பல்லாவரம் வானத்தில் இன்று ஒரு சின்ன டிரோனை ஏற்றக்கூட அனுமதி வேண்டும். செங்கல்பட்டில் கட்டும் கிட் விமானத்தின் முதல் பயணம் பெரும்பாலும், இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி, வேறு மாவட்டத்து ஓடுதளம் ஒன்றை நோக்கி ஜிஎஸ்டி ரோட்டில்தான் தொடங்கும்.